நுமாதா தொஷியேயின் முத்திரை

ஷியோஹாமா தொழிலாளர் தரக் கண்காணிப்பு அலுவலகம், இரண்டாம் மாடி. 2017 ஜூன் 20, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.10 மணி. பதிவு செய்பவர் ஆய்வாளர் ஹிரோசே.

என் பெயர் இகராஷி மிட்சுயோ. வயது 46. மணமாகவில்லை. ஷியோஹாமா நகரம் மினாமி மூன்றாம் தெருவில் நான்காம் எண் வீட்டில் தனியாக இருக்கிறேன். கல்லூரியில் நான்கு ஆண்டு வரலாறு படித்தேன். பிறகு ஏழு ஆண்டு ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர். அம்மாவின் நோயால் மூன்று ஆண்டு வேலைக்குப் போகவில்லை. கடந்த பதினான்கு ஆண்டுகளாகத் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள கமாபோகோ ஆலையின் அலுவலகத்தில் பொது நிர்வாகம் பார்க்கிறேன்.

விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஆய்வாளர் முதலிலேயே சொன்னார். நான் சாட்சியாக வந்திருக்கிறேனா, குற்றம் சாட்டப்பட்டவளாகவா என்று கேட்டேன். இன்றைக்குச் சாட்சி என்றார். அந்த "இன்றைக்கு" என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன், எழுதிக்கொண்டார்.

மே 18 அன்று இதே அறையில் ஒரு முறை பேசியிருக்கிறேன். அன்று சொன்னதில் இரண்டு இடங்கள் சரியில்லை. அவை வரும்போது சொல்கிறேன்.

ஆலையில் மீன் விழுதைப் பலகைமேல் குவித்து ஆவியில் வேகவைக்கிறார்கள், அதுதான் கமாபோகோ. மொத்தம் அறுபத்து மூன்று பேர். உள்ளே இருப்பவர் ஒரு தாளில் கையெழுத்துக்குப் பதிலான தன் பெயர் முத்திரையைப் பதிக்க வேண்டுமானால் கையுறையையும் மேலங்கியையும் கழற்றிவிட்டு வெளியே வர வேண்டும். திரும்பப் போகும்போது முழங்கை வரை இரண்டு முறை கழுவி, ஒட்டும் உருளையால் உடம்பில் முடி ஒற்றி எடுத்து, தூசியை ஊதித் தள்ளும் காற்றறையில் நின்று போக வேண்டும். ஒருவருக்குப் பதினோரு நிமிடம் ஆகும். ஆகவே எல்லோரும் தங்கள் முத்திரைகளில் ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அவை என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் பெயர் வரிசைப்படி இருக்கின்றன. வருகைப் பதிவேடு, மழைக்கோட்டு வாங்கிய சீட்டு, மருத்துவப் பரிசோதனைச் சம்மதம் எல்லாவற்றிலும் அவரவர் முத்திரையை நான்தான் பதிப்பேன். பதினான்கு ஆண்டுகளில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. எனக்கு முன்பு இருந்தவரும் அப்படித்தான் செய்தார், டப்பாவும் அவருடையதுதான்.

அதோடு, ஆலை வாசலில் உள்ள விபத்தில்லா நாட்களின் பலகையில் தினமும் காலை ஏழு ஐம்பதுக்கு எண் மாற்றுவதும் என் வேலை.

கடந்த டிசம்பர் 8, வியாழக்கிழமை, அந்தப் பலகையில் 1,993 என்று இருந்தது. புத்தாண்டுக்குக் கமாபோகோ அதிகம் போகும் மாதம் என்பதால் மூன்று இயந்திரங்களும் ஓடின. ஏறக்குறைய 10.40-க்கு ஆவிப்பெட்டியின் வெப்பநிலைத் தாளை வாங்க நான் உள்ளே போனேன். நுமாதா தொஷியே என்ற பெண் இரண்டாம் இயந்திரத்தில் நின்றார். அவருக்கு 58 வயது. பத்தொன்பது ஆண்டு அனுபவம், வேலை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் ஒப்பந்தம். அந்த இயந்திரம் பலகைமேல் விழுதை அழுத்தி வடிவம் கொடுப்பது. அதன் பாதுகாப்பு மூடியைத் திறந்தால் இயந்திரம் தானாக நிற்க வேண்டும். பலகை கோணலாகும் ஒவ்வொரு முறையும் நின்று தாமதமானதால், நவம்பர் கடைசியிலிருந்து மூடியின் சுவிட்சைப் பச்சை டேப்பால் ஒட்டி வைத்திருந்தார்கள். டேப் என் அலுவலகத்திலிருந்துதான் போனது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

என்னைப் பார்த்ததும் நுமாதா, "வாங்க வாங்க, கை நனையாத மகாராணி வந்துட்டாங்க" என்றார். தினமும் சொல்வதுதான். அதன் பிறகு ஒரு பலகை கோணலாக வந்தது, அவர் வலது கையை உள்ளே விட்டார். அவர் அலறவில்லை. இடது கையால் சிவப்புப் பொத்தானை அவரே அழுத்தினார். இயந்திரம் நின்றது. எங்கள் ஆலையில் எந்த வேலை முடிந்தாலும் அதை ஆள்காட்டி விரலால் சுட்டிக்காட்டி உரக்கச் சொல்ல வேண்டும், தினமும் காலையில் எல்லோரும் சேர்ந்து பயிற்சி செய்வோம். நுமாதா வலது கையை நீட்டி இயந்திரத்தைச் சுட்டிக்காட்டி, "நின்னாச்சு, சரி" என்றார். சுட்டிய கையில் ஆள்காட்டி விரலில் இரண்டு கணு இல்லை. விரல் இல்லை என்பதைக் கடைசியாகக் கவனித்தவர் அவர்தான்.

இயந்திர வரிசையில் இன்னும் இருவர் நின்றார்கள். அவரவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை என்று இந்த அலுவலகத்தில் அவர்கள் சொன்னதாக ஆய்வாளர் தெரிவித்தார். அவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

அதன் பிறகு மேனேஜர் குசுமோதோ ஓடிவந்தார். ஒருவர் ஆம்புலன்ஸ் என்றார். "வேண்டாம், சைரன் கேட்டா ஊரே வாசல்ல நிக்கும், என் வண்டியிலயே போயிடலாம்" என்றார் மேனேஜர். பின் இருக்கையில் நுமாதாவின் கையை ஒரு துவாலையில் சுற்றி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். மேனேஜர் வலப்பக்கம் திரும்ப விளக்குப் போடுவதாக நினைத்து மூன்று முறை கண்ணாடி துடைப்பானைப் போட்டார். மழை இல்லை.

வண்டியில் நுமாதா, "மிட்சுயோ சான், இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டார். பலகையைத்தான் கேட்கிறார் என்று தெரிந்தது. 1,993 என்றேன். "அடடா. இன்னும் ஏழு நாள்தானே. நான் போய்க் கெடுத்துட்டேனே" என்றார். மேனேஜர் கண்ணாடி வழியாக, "அதைப் பத்தி இப்ப எதுக்கு நுமாதா சான், சும்மா இருங்க" என்றார். அப்போது அவர் குரல் கனிவாகத்தான் இருந்தது.

டிசம்பர் 15 அன்று இரண்டாயிரம் நாள் முடிவதால் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவதாகவும், பாராட்டுக் கேடயம் தருவதாகவும், எல்லோருக்கும் விசேஷ நாளுக்கான சிவப்புப் பயற்றுச் சோறு வாங்குவதாகவும் ஏற்பாடு இருந்தது. சோற்றுக்கு ஆர்டர் கொடுத்தவள் நான்.

மருத்துவமனையில் நுமாதாவை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். வரவேற்பில் இருந்த பெண் எங்கே நடந்தது, வேலை இடத்திலா என்று கேட்டார். மேனேஜர், "வீட்ல, கதவுல நசுங்கிடுச்சு" என்று சொல்லி நுமாதாவின் சாதாரண மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கொடுத்தார். வேலையில் பட்ட காயத்துக்கு அந்த அட்டை செல்லாது, அதற்குப் பணியிட விபத்துக் காப்பீடு தனியாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்தப் படிவங்கள் என் அலமாரியில் மூன்றாம் தட்டில் இருக்கின்றன. நான் மேனேஜருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என் மேலங்கியின் கையில் மீன் விழுது காய்ந்திருந்தது, அந்தப் பெண் அதைப் பார்த்துவிடுவாளோ என்று கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன். எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்.

மறுநாள் டிசம்பர் 9. காலை பலகையில் 1,994 போட்டேன். ஒன்பதரை மணிக்கு மேனேஜர் ஒரு கட்டுத் தாள்களை என் மேசையில் வைத்தார். பெரும்பாலும் புத்தாண்டு மாதக் கூடுதல் நேர வேலைக்கான சம்மதத் தாள்கள். கடைசியில் நுமாதாவின் பெயரில் தட்டச்சு செய்த ஒரு கடிதம் இருந்தது. முந்தைய நாள் காலை என் வீட்டுக் கொட்டகைக் கதவில் விரல் நசுங்கியது, கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன், வலி தாங்காததால் மேனேஜர் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார், நிறுவனத்துக்கு இதில் தொடர்பில்லை என்று அதில் இருந்தது. மேனேஜர், "நுமாதா சான்கிட்ட பேசிட்டேன், அவங்களுக்குச் சம்மதம். முத்திரை மட்டும் போட்டுடுங்க இகராஷி சான்" என்றார். அதன் பிறகு அவர் உள்ளே போனார். நான் முத்திரைகளை எடுத்து வரிசையாகப் பதித்தேன். கடைசித் தாளிலும் பதித்தேன்.

மே 18 அன்று நான் சொன்னதில் சரியில்லாத முதல் இடம் இது. அன்று அந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை என்றேன். படித்தேன். கொட்டகை என்ற இடத்தில், நுமாதாவுக்குக் கொட்டகை இருக்கிறதா, முள்ளங்கி ஊறப்போட வசதியாக இருக்கும் என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விபத்தைக் கண்ணால் பார்த்தவள் நான். முந்தைய நாள்தான் பார்த்தேன். அப்படியிருந்தும் அந்த வரியைப் படித்தபோது பொய் என்று தோன்றாமல் முள்ளங்கி தோன்றியது ஏன் என்று ஆய்வாளர் கேட்டார். தெரியவில்லை. ஆறு மாதமாக நானும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வண்டியில் அவர் "கெடுத்துட்டேனே" என்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேனோ என்று சில நாள் தோன்றும். அது பிறகு நானே கட்டிக்கொண்ட சமாதானமோ என்று சில நாள் தோன்றும். ஆய்வாளர் இரண்டில் எதை எழுதுவது என்று கேட்டார். இரண்டையும் எழுதச் சொன்னேன்.

டிசம்பர் 15 அன்று கேடயம் வந்தது. புகைப்படத்தில் நான் இரண்டாம் வரிசையில் இருக்கிறேன். சிவப்புப் பயற்றுச் சோறு நன்றாக இருந்தது, முழுவதும் சாப்பிட்டேன். ஒரு பெட்டி மிஞ்சியது. மேனேஜர் அதை நுமாதாவின் வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். மாலை நாலரை மணிக்குப் போனேன். அவர் வீட்டுக்கு அதற்கு முன்பு போனதில்லை. அது நகராட்சிக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. இரண்டு அறையும் ஒரு சமையலறையும். பால்கனியில் ஒரு துணி காயப்போடும் கம்பியும் ஒரு வாளியும் இருந்தன. கொட்டகை இல்லை.

நுமாதா இடது கையில் குச்சிகளைப் பிடித்துச் சாப்பிட்டுப் பார்த்தார். எள் எல்லாம் மடியில் விழுந்தது. அதன் பிறகு கரண்டி எடுத்தார். "என் விரலுக்கும் ஒரு பொட்டலம் குடுத்தனுப்பினாங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. "சிரிங்க சிரிங்க, ஆபீஸ்காரங்க சிரிச்சா மை கொட்டிடாது" என்றார். அதன் பிறகு, "எல்லாத்தையும் ஆபீஸ்ல பாத்துக்குவாங்கன்னு மேனேஜர் சொன்னாரு. ஆபீஸ்னா நீங்கதானே. அப்ப எனக்குக் கவலை இல்ல" என்றார். நான் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். படியில் இறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் கொட்டகை போல ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்கினேன். அப்படி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது தெரியவில்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரம், நாள் நினைவில்லை, நுமாதா தொலைபேசியில் கூப்பிட்டார். மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள் காயம் எங்கே, எப்படி ஏற்பட்டது என்று கேட்டுக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். "என்ன எழுதட்டும் மிட்சுயோ சான்?" என்று கேட்டார். காத்திருக்கச் சொல்லிவிட்டு மேனேஜரிடம் கேட்டேன். "அதான் கடுதாசி இருக்கே, அதுல இருக்கிற மாதிரியே எழுதச் சொல்லுங்க" என்றார். நான் அதை அப்படியே நுமாதாவிடம் சொன்னேன்.

"எந்தக் கடுதாசி?" என்றார்.

நான் சொன்னேன். அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் வானிலை போய்க்கொண்டிருந்தது.

"என் வீட்ல கொட்டகை எங்க இருக்கு?" என்றார்.

அதன் பிறகு அவர், "நீங்கதான் வந்து பாத்தீங்களே" என்று சொல்லி வைத்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை.

மார்ச் 31-இல் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. காரணமாக உற்பத்தி குறைவு என்று எழுதப்பட்டது. அதைத் தட்டச்சு செய்தவள் நான். ஏப்ரலில் நுமாதா இந்த அலுவலகத்துக்குத் தானே வந்து, காயம் ஆலையில் ஏற்பட்டது என்று விண்ணப்பம் கொடுத்ததாக அறிகிறேன். நிறுவனம் அந்தக் கடிதத்தைக் காட்டியது. முத்திரை நுமாதாவுடையது. தான் பதிக்கவில்லை என்று அவர் சொல்கிறார். அவர்தான் பதித்தார் என்று மேனேஜர் சொல்கிறார். வருகைப் பதிவேட்டால் எதுவும் தெரியாது. அதில் எல்லோருக்கும் காலை எட்டு மணிக்கு முன்பே நானே பதித்துவிடுவேன், அன்று காலை கட்டோடு வந்தாரா, கை நன்றாக இருக்க வந்தாரா என்பதை அது சொல்லாது.

மே 18 அன்று முத்திரையை யார் பதித்தது என்று ஆய்வாளர் கேட்டபோது, நுமாதாவே பதித்திருக்கலாம், எனக்கு நினைவில்லை என்றேன். இது சரியில்லாத இரண்டாம் இடம்.

இன்று ஆய்வாளர் அந்தக் கடிதத்தையும், நுமாதா பல ஆண்டுகளில் கொடுத்த விடுப்பு விண்ணப்பங்களையும், வேறு சில தாள்களையும் மேசைமேல் பரப்பி வைத்துவிட்டு, தேநீர் கொண்டுவரப் போனார். கடிதத்தில் இடப்பக்கம் மேனேஜரின் கட்டம், வலப்பக்கம் நுமாதாவின் கட்டம். நுமாதாவின் முத்திரை இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

கூட்டுறவு வங்கியில் எங்களுக்கு முதல் வாரமே ஒன்று சொல்லித் தருவார்கள். கீழே இருப்பவரின் முத்திரை நேராக நிற்கக் கூடாது, மேலதிகாரியின் கட்டத்தை நோக்கிச் சற்றே சாய வேண்டும், தலை குனிந்து வணங்குவதுபோல. ஏழு ஆண்டு பதித்ததில் என் கை அப்படியே ஆகிவிட்டது. ஆலையில் வேறு யாருக்கும் இந்தப் பழக்கம் இல்லை. குசுமோதோவுக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விடுப்பு விண்ணப்பங்களில் நான் சேருவதற்கு முந்தைய ஐந்து தாள்களில் நுமாதாவின் முத்திரை நேராகவோ தலைகீழாகவோ இருக்கிறது, அவை அவரே பதித்தவை. நான் சேர்ந்த பிறகு வந்த ஒவ்வொன்றிலும் அது வணங்குகிறது.

ஆய்வாளர் இதைக் கவனித்திருந்தாரா என்று தெரியாது. தேநீரோடு வந்ததும், "எல்லாம் ஒரே முத்திரைதான், இல்லையா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்க முடியும். முத்திரை ஒன்றுதான், கை வேறு என்றேன். என் கைப்பையில் இருந்த மளிகைச் சீட்டின் பின்புறத்தில் என் முத்திரையை நான்கு முறை பதித்துக் காட்டினேன். நேராகப் பதிக்க முயன்று பார்க்கச் சொன்னார். முயன்றேன். அதுவும் சாய்ந்தது. அந்தச் சீட்டு இத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறது.

அதன் பிறகு ஆய்வாளர் சொன்னது எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. நுமாதா தானே பதித்திருந்தாலும் அந்தக் கடிதம் அவருடைய உரிமையைப் பறித்திருக்காது என்றார். வேலையில் பட்ட காயத்துக்கான உரிமையைத் தொழிலாளியே எழுதிக் கொடுத்தாலும் விட்டுவிட முடியாது. நிறுவனம் முத்திரை போட மறுத்தாலும் விண்ணப்பத்தை அவர் நேராகக் கொடுக்கலாம். "விரல் எங்க போச்சுங்கிறதுதான் கேள்வி. அதைப் பாத்தவங்க யாராவது சொன்னா போதும்" என்றார். அப்படியானால் நான் கடிதத்தை நினைத்து ஆறு மாதம் பயந்தது எதற்கு என்று கேட்டேன். அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டார்.

ஆகவே சொல்கிறேன். விரல் ஆலையில் போனது. இரண்டாம் இயந்திரத்தில், டிசம்பர் 8, முற்பகல் 10.40 அளவில், நான் நாலடி தூரத்தில் நின்றேன். மூடியின் சுவிட்ச் டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. கடிதத்தில் இருப்பது நுமாதாவின் முத்திரை, பதித்தது நான், அவரைக் கேட்கவில்லை.

இன்று காலை வருவதற்கு முன் வாசல் பலகையில் 2,187 என்று மாற்றிவிட்டு வந்தேன். ஏன் மாற்றினீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். ஏழு ஐம்பது ஆகிவிட்டது என்றேன். அது காரணமா என்று எனக்குத் தெரியவில்லை.

இவை அனைத்தையும் ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் நுமாதா அலறினார் என்று இருந்தது. அவர் அலறவில்லை, "நின்னாச்சு, சரி" என்றுதான் சொன்னார் என்று திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன, எனக்குத் தெரிந்த அளவில் உண்மை, தெரியாத இடத்தில் தெரியாது என்றே சொல்லியிருக்கிறேன்.

பெயரை எழுதிய பிறகு முத்திரை பதிக்கச் சொன்னார். ஆய்வாளரின் முத்திரை என் பெயருக்கு இடப்பக்கம் இருந்தது. முத்திரைக்குப் பதில் வேறு ஏதாவது செல்லுமா என்று கேட்டேன். விரல் ரேகை செல்லும், ஆள்காட்டி விரல் என்றார். வலது கையைக் கொடுத்தேன். வைத்த பிறகு, சாய்ந்திருக்கிறதா என்று கேட்டேன். ரேகையில் அதையெல்லாம் பார்ப்பதில்லை என்றார்.

இகராஷி மிட்சுயோ
(வலது ஆள்காட்டி விரல் ரேகை)

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, படித்துக் காட்டப்பட்டு, ஒப்புக்கொள்ளப்பட்டது. பிற்பகல் 1.25 மணி.
ஆய்வாளர் ஹிரோசே